கானாடுகாத்தான் பீரோவும் அறுநூற்றுப் பன்னிரண்டு பிழைகளும்

போன வாரம் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஒரு படிவம் வந்தது. காகிதம் இல்லை, செல்போனில் திறக்கிற படிவம். 'நூலகப் பணியாளர்களின் உணர்வுசார் நுண்ணறிவும் பணித்திறனும்' என்று தலைப்பு. யாரோ ஆராய்ச்சி மாணவர் அனுப்பியிருந்தார். 'உங்கள் சக பணியாளரின் மனநிலையை அவர் சொல்லாமலே அறிந்துகொள்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைத் தொட வேண்டும். தொட்டதும் கீழே சின்ன எழுத்தில், 'ஆதாரம் இணைக்கவும். பிடிஎஃப் மட்டும்.' வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அமைதி காக்கவும் என்று பலகை எழுதி மாட்டியவனே நான்தான், என்ன செய்ய.

ஆதாரம் என்னிடம் இருக்கிறது. பிடிஎஃப்பாக இல்லை என்பதுதான் சிக்கல்.

படிவத்தை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக வந்த புத்தகங்களுக்கு பார்கோடு ஸ்டிக்கர் எடுக்க பிரிண்டரைப் போட்டேன். சூடாக வெளியே வருகிற ஸ்டிக்கர் தாளுக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் பசை, கொஞ்சம் மை, கொஞ்சம் இஸ்திரிப் பெட்டி. நம்மில் சிலருக்கு மழை வாசனை, சிலருக்கு மல்லி. எனக்கு இது. இது மூக்கில் ஏறினால் நான் ஒரு கோடை விடுமுறைக்குள் போய் விழுந்துவிடுவேன்.

அப்போது நான் உதவி நூலகராகச் சேர்ந்து ஒன்பது மாதம். காரைக்குடியிலிருந்து அரியக்குடி போகிற பக்கம் கல்லூரி. நூலகத்தில் நாங்கள் நாலு பேர். நூலகர் சொக்கலிங்கம் சார், அதிர்ந்து பேசத் தெரியாதவர், கோபம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார். அட்டெண்டர் காசி அண்ணன், எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்பதை முதுகைப் பார்த்தே சொல்கிறவர். ஆள் இருந்தால் என்னை 'சார்' என்பார், ஆள் இல்லாவிட்டால் 'தம்பி'. மூன்றாவது, வள்ளி அக்கா. வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், இருந்தாலும் பதவியை மதித்து 'சார்' போட்டுத்தான் பேசுவார். நாலாவது நான். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எடுத்தார்கள். அந்த மிதப்பு தலையிலிருந்து இறங்க நாளாயிற்று.

கல்லூரி திறந்ததும் தரம் பார்க்க ஆய்வுக் குழு வரப்போகிறது, அதற்குள் எல்லாப் புத்தகமும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்க வேண்டும் என்று உத்தரவு. ரிஜிஸ்டரைப் பார்த்து நான் விவரம் ஏற்றுவேன். வரிசை எண்ணுடன் ஸ்டிக்கர் வரும். வள்ளி அக்கா ஒட்டுவார். காசி அண்ணன் புத்தகத்தை இறக்கி ஏற்றுவார். ஒட்டி முடித்த அலமாரியில் இருபத்தைந்துக்கு ஒன்றாக எடுத்து, ஸ்கேனர் வைத்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

வேகமாக நடக்கட்டும் என்று நான் ஒரு காரியம் செய்தேன். வாசலுக்கு நேரே ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, யார் எத்தனை புத்தகம் முடித்தார்கள் என்று தினமும் சாயங்காலம் எழுதினேன். முதலிடத்துக்குச் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் வேறு. சொக்கலிங்கம் சார் அதைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு எங்கே புரிந்தது!

ஒரு நாள் வள்ளி அக்காவின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. மறுநாள் காலை, எல்லோர் முன்னாலும், "என்னக்கா, பேட்டரி இறங்கிருச்சா?" என்றேன். நகைச்சுவை என்று நினைப்பு. அவர் ஸ்டிக்கர் தாளை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் அவர் ஒட்டியது அறுநூறைத் தாண்டியது. நட்சத்திரம் போட்டேன்.

அந்த அறுநூறும் கானாடுகாத்தான் பீரோ. அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விஷயம் விளங்காது. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திறந்து, உள்ளேயிருந்த புத்தகங்களைப் பீரோவோடு கல்லூரிக்குக் கொடுத்தார்கள். ஆறு தேக்குப் பீரோ. வாங்கப் போனபோது நானும் போயிருந்தேன். அந்த வீட்டு ஆச்சி சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி, பிரிச்சுராதீக. எங்க அப்பச்சி அடுக்குன வரிசை. அப்படியே இருக்கட்டும்" என்றார்கள். அப்பச்சி என்றால் அந்தப் பக்கம் அப்பா. அவருக்கு எதில்தான் ஆர்வம் இல்லை! வேதியியலுக்குப் பக்கத்தில் சமையல், சமையலுக்குப் பக்கத்தில் சட்டம். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அந்த வரிசையிலேயே எண் கொடுத்து வைத்திருந்தோம். கல்லூரிக்கு யார் வந்தாலும் முதலில் காட்டுவது அந்தப் பீரோக்களைத்தான்.

கல்லூரி திறப்பதற்குப் பதினோரு நாள் இருக்கும்போது முதல்வர் இரண்டு விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நேரே கானாடுகாத்தான் பீரோ. உற்சாகத்தில் அவரே ஒரு புத்தகத்தை எடுத்து ஸ்கேனரில் காட்டினார். கையில் இருந்தது ஹோமியோபதி. திரையில் வந்தது கோழி வளர்ப்பு. விருந்தினர்கள் சிரித்தார்கள். முதல்வர் அடுத்ததை எடுத்தார். கையில் கோழி வளர்ப்பு, திரையில் கப்பல் கட்டும் தொழில். மூன்றாவதை எடுக்கவில்லை.

அவர்கள் போனதும் நாங்கள் நாலு பேரும் பீரோ பீரோவாகப் பார்த்தோம். முதல் பீரோவில், தொடக்கத்திலேயே, இரண்டு ஒல்லிப் புத்தகங்கள் பழைய ஈரத்தில் அட்டையோடு அட்டையாக ஒட்டிக்கொண்டு ஒன்றுபோல் இருந்தன. இரண்டுக்குமாக ஒரே ஸ்டிக்கர். அங்கே ஓர் எண் நழுவி, அதற்குப் பின்னால் இருந்த அத்தனையிலும் பக்கத்துப் புத்தகத்தின் எண். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. கடைசியில் மீந்துபோன ஒற்றை ஸ்டிக்கர் தாளிலேயே இருந்தது.

மாலையில் முதல்வர் சொக்கலிங்கம் சாரைக் கூப்பிட்டு, யார் ஒட்டியது என்று பெயர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் கோப்பு தன் மேஜையில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லி அனுப்பினார். பெயர் எழுதினால் வள்ளி அக்காவுக்கு வேலை போகும். அதில் சந்தேகமே இல்லை.

இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பெயரை எழுதிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். ஒட்டியது அவர்தானே! காசி அண்ணனிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, அந்தப் புள்ளையோட மகளுக்கு அம்மை போட்டிருந்துச்சு. நாட்டரசன்கோட்டையில அவுக அம்மாட்ட விட்டுருந்துச்சு. அம்மைன்னு சொன்னா இங்குட்டு வராதம்பீக. வரலேன்னா வேலை இருக்காது. ரெண்டு நாளும் அழுதுக்கிட்டேதான் ஒட்டுச்சு. நீங்க பலகையத்தான பாத்தீக?"

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளும் அவர் எத்தனை ஒட்டினார் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

என் மேஜைக்குப் போய்ச் சரிபார்ப்புத் தாளை எடுத்தேன். கானாடுகாத்தான் பீரோ ஆறுக்கும் நேரே என் கையெழுத்து, அழகாக, வாலை நீட்டி. நான் ஒரு புத்தகத்தைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. பலகையில் எண்ணிக்கை ஏற வேண்டுமே என்ற அவசரத்தில் போட்ட கையெழுத்து. ஒன்றே ஒன்றை எடுத்திருந்தாலும் அன்றைக்கே தெரிந்திருக்கும். பிறகு எழுதிக் கொடுத்தேன்: சரிபார்க்காமல் கையெழுத்திட்டது நான், பிழைக்குப் பொறுப்பும் நான். சொக்கலிங்கம் சார் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. அடியில், 'திறப்பதற்குள் திருத்தித் தருவோம்' என்று தன் கையால் சேர்த்து அவரும் கையெழுத்துப் போட்டார்.

எனக்குத் தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். வள்ளி அக்காவின் கோப்பு தப்பித்தது.

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் காலை நேரே என் மேஜைக்கு வந்தார். "எனக்காக எழுதுனீகன்னு ஊருல சொல்லிக்கிட்டுத் திரியாதீக சார். நீங்க பாக்காம போட்டீக, அத எழுதுனீக. அம்புட்டுத்தான்" என்றார். பிறகு வெள்ளைப் பலகையைக் கழற்றி, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தார். "இனிமே ஒண்ணு செய்வோம். காலைல வந்ததும், இன்னைக்கு என்னால எந்த வேலை ஆகாதுன்னு ஒவ்வொருத்தரும் எழுதிப் போட்டுரணும். ஒரே ஒரு வேலைதான். ஏன்னு யாரும் கேக்கக் கூடாது. மத்த மூணு பேரும் அதப் பாத்துக்கிருவோம்."

கம்ப்யூட்டர் வந்த பிறகு பழைய அட்டவணை அட்டைகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அதன் பின்பக்கம்தான் எழுதினோம். முதல் நாள் வள்ளி அக்கா 'ஸ்டிக்கர் வேண்டாம்' என்று எழுதினார். அன்று நான் ஒட்டினேன். கோணல்மாணலாக. அவர் ஸ்கேனர் வைத்துச் சரிபார்த்தார், இருபத்தைந்துக்கு ஒன்று இல்லை, ஒவ்வொன்றாக. பழைய ஸ்டிக்கரை உரித்தால் புத்தகத்தின் அட்டையும் கூட வந்தது, அதனால் மேலேயே புதிதை ஒட்டினோம். இன்னொரு நாள் காசி அண்ணன் 'ஏணி வேண்டாம்' என்று எழுதினார். முழங்காலா, மனசா, இன்று வரை எனக்குத் தெரியாது. சொக்கலிங்கம் சார் ஒரு தடவை, 'முதல்வர் அறை வேண்டாம்' என்று எழுதிப் போட்டார். கோப்பைக் காசி அண்ணன் கொண்டுபோனார். முதல்வர் கேட்ட கேள்விக்கெல்லாம் "சார் சொல்லுவாகய்யா" என்றே பதில் சொல்லி, கையெழுத்தோடு திரும்பி வந்தார்!

நான் எழுத மாட்டேன் என்றுதான் வீறாப்பாக இருந்தேன். அரியக்குடியில் எனக்குப் பார்த்த பெண், மாப்பிள்ளை ரொம்பப் பேசுகிறார் என்று வேண்டாம் சொல்லிவிட்ட மறுநாள், 'வாசல் கவுண்டர் வேண்டாம்' என்று எழுதினேன். விடுமுறையிலும் வருகிறவர்களிடம் பேசி, புத்தகம் கொடுத்து வாங்குகிற மேஜை அது. மூன்று பேரும் படித்தார்கள். ஒருவர்கூட என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வள்ளி அக்கா கவுண்டருக்குப் போய் உட்கார்ந்தார். நான் உள்ளே, பீரோக்களுக்கு நடுவில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் நூற்று நாற்பது புத்தகம் ஒட்டினேன். அதுவரை ஒரே நாளில் நான் அத்தனை ஒட்டியதில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டையும் ஏழே நாளில் முடித்தோம். ஆய்வுக் குழு வந்தது. அதில் ஓர் அம்மையார் கறார்ப் பேர்வழி. கானாடுகாத்தான் பீரோவில் கைபோன இடத்திலெல்லாம் எடுத்து, பதினேழு புத்தகம் சோதித்தார். பதினேழும் சரி. வள்ளி அக்கா எதிர்ச் சுவரோரம் நின்று என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். எந்தச் சான்றிதழுக்கும் அந்தத் தலையாட்டலை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். இதைப் பெருமை என்று நீங்கள் சொன்னால், ஆமாம், பெருமைதான். என் ஆயுளில் நான் உருப்படியாகச் செய்த வேலை அந்த நாலு பேரில் ஒருவனாக இருந்ததுதான்.

அப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. சொக்கலிங்கம் சார் ஓய்வு பெற்றார், நான் நூலகரானேன். காசி அண்ணன் ஓய்வு பெற்று, சில வருஷத்தில் காலமானார். வள்ளி அக்கா தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போய், சிவகங்கையில் இருக்கிறார். எங்கள் வாசலில் இப்போது புத்தகத்தின் எண்ணைத் தானே படித்துப் பதிந்துகொள்கிற இயந்திரம் நிற்கிறது. ஓர் எண் மாறி வைத்தால் அதுவே கத்திவிடும்.

காலியான இடங்களுக்கு ஆள் போட வேண்டுமா என்று நிர்வாகம் என்னிடம் அறிக்கை கேட்டது. மூன்று நாள் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை புத்தகம், எத்தனை நிமிஷம், இயந்திரம் செய்வது எவ்வளவு, ஆள் செய்வது எவ்வளவு. ஒருவர் போதும் என்று வந்தது. எண் பொய் சொல்லவில்லை, அப்படியே எழுதிக் கொடுத்தேன். மூன்று நாற்காலிகளை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று முதல் காலையில் கதவைத் திறப்பதும் நான், மாலையில் பூட்டுவதும் நான். நாலு பேர் செய்ததை ஒருவன் செய்கிறேன், ஒரு பிழை கிடையாது. என் முகம் சரியில்லாத நாட்களும் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் எழுந்து என் வேலையை வாங்கிக்கொள்ள அந்தக் கூடத்தில் ஆளில்லை. ஆள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது நான்தான்.