ஆணியில் தொங்கிய திறப்பு

கிளிநொச்சியில் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டே நான் பனி பார்க்கிறேன். அதுதான் என் உத்தியோகம். முன்னொரு காலத்தில் வடதுருவப் பக்கம் வேட்டைக்கும் ஆராய்ச்சிக்கும் போனவர்களின் படங்களை வெளிநாட்டு ஆவணக்காப்பகம் ஒன்று இணையத்தில் ஏற்றுகிறது. அந்தப் படங்களுக்கு இரண்டு வரி விளக்கம் எழுதுவது நான். "பிள்ளைக்கு ஐஸ் பாக்கிற வேலை" என்று அம்மா அயலுக்குச் சொல்லுவார்.

ஒருநாள் மரக்குடில் ஒன்றின் படம் வந்தது. ஆளில்லை. அடுப்பருகே விறகு, மேசையில் தீப்பெட்டி, சுவர்த்தட்டில் உணவு அடைத்த தகரப் பேணிகள். 'அவசரமாக இடம்பெயர்ந்தவர்களின் வீடு' என்று யோசிக்காமல் எழுதி அனுப்பினேன். வன்னியில் வளர்ந்தவளுக்கு ஆளில்லாத வீடு வேறு எப்படித் தெரியும்?

நான் எழுதுவதைச் சரிபார்ப்பவர் அந்த ஆவணக்காப்பகத்து நாட்டுப் பெண். முகம் பார்த்ததில்லை. பிழை என்று ஒரு சொல்லோடு திருப்பி அனுப்பியிருக்கலாம். அவரோ பொறுமையாக விளக்கம் எழுதினார். யாரும் ஓடவில்லையாம். குடிலை விட்டுப் போகிறவர்கள் அடுத்து வருகிறவர்களுக்காக விறகும் நெருப்பும் உணவும் வைத்துப் போவது அந்தப் பக்கத்து வழக்கமாம். கதவையும் பூட்டமாட்டார்களாம்.

கதவு என்ற இடத்தில் எனக்கு வாசிப்பு நின்றுவிட்டது.

போர்க்காலத்தில் உருத்திரபுரத்தை விட்டு வந்த நாங்கள் விசுவமடுவில் ஆளில்லாத ஒரு வீட்டில் ஒதுங்கினோம். குசினியில் மூடி இறுக்கிய வாளியில் அரிசி இருந்தது. பொலித்தீனில் சுற்றிய தீப்பெட்டி, பிளந்து அடுக்கிய விறகு. பசியில் சமைத்துச் சாப்பிட்டோம். "ஆரோ பெத்த பிள்ளையளின்ர சோத்தைத் திண்டிட்டம்" என்ற வேதனை அம்மாவை விடவேயில்லை. வருஷா வருஷம் வற்றாப்பளைக் கோயில் பொங்கலில் கண்ணகி அம்மனிடம் அதற்கு மன்னிப்புக் கேட்பார்.

எங்கள் சனம் வீட்டைப் பூட்டித் திறப்பையும் கையோடு கொண்டுதான் போகும். அந்த வீட்டுத் திறப்பு வாசல் ஆணியில் தொங்கியது. மறந்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தோம்.

அன்று பின்னேரம் படத்தை அம்மாவுக்குக் காட்டி, வழக்கத்தையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விறகையே பார்த்தார்.

"அப்ப அந்தத் திறப்பு, பிள்ளை?"

"வாற ஆக்களுக்கெண்டு கொழுவிப்போட்டுப் போயிருப்பினம், அம்மா."

"எங்களுக்கெண்டோ?"

"ஓம்."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு நான் சரிபார்ப்பவருக்கு நன்றி எழுத உட்கார்ந்தேன். அவ்வளவு நீளமாக நான் யாருக்கும் எழுதியதில்லை.

இந்த வருஷம் பொங்கல் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அம்மா தானாகவே சொன்னார்.

"இந்தமுறை மன்னிப்புக் கேக்கேல்லை. அந்த வீட்டுக்காரர் எங்க இருந்தாலும் நல்லா இருக்கோணும் எண்டு மட்டும் கேட்டனான்."