காசு வாங்காத காபி கிளப்

போலீஸ் உத்தியோகத்தில் நின்று நின்று கால் வலிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். வாங்குகிற கைக்கு வலியே இருக்காது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சிவப்புத் தலைப்பாகை கட்டிய சகோதரர்களே, கட்டாமலே இப்படி மாட்டிக்கொண்ட மற்ற உத்தியோகஸ்தர்களே, உங்களிடம் சொன்னால்தான் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

முதல் தம்ளர்

மேலமாசி வீதி முனையில் எனக்குப் பாரா. சேர்ந்த மூன்றாம் நாள், வெயில் தாங்காமல் எதிரிலிருந்த காபி கிளப்பில் நுழைந்தேன். குடித்துவிட்டு அரையணாவை நீட்டினேன். முதலாளி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்குச் சத்தமாகப் பேச வராது. "இல்லைங்க, வாங்கிக்கிடுங்க" என்று முனகினேன். கூட்டம் வேறு பார்க்கிறது. நாணயத்தைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார்: "நீங்க வாசல்ல நின்னாப் போதும்யா, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

ஏட்டையாவின் மனத்தாங்கல்

மறுநாள் காசைக் கல்லாமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். ஏதோ கோட்டையைப் பிடித்த நினைப்பு. சாயங்காலம் ஏட்டையா கூப்பிட்டார். கோபமே இல்லை, பெண்ணைக் கொடுத்த மாமனார் மாதிரி வருத்தமாகத்தான் பேசினார். "நாங்க எம்புட்டு வருஷமா அங்க குடிக்கிறோம். நீ ஒருத்தன் காசு வச்சா, எங்களை என்னான்னு நெனைப்பாங்க மாப்ள?"

வீராயியின் கூடை

அதன்பின் தினம் இரண்டு தம்ளர், சில நாள் வடையும் உண்டு.

கிளப் வாசலோரம் வீராயி வெள்ளரிக்காய் விற்பாள். அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் வருகிறவள். வழியை மறிக்கிறாள் என்று ஒருநாள் முதலாளி ஒரு செம்பு வெந்நீரைக் கூடைமேல் வீசினார். கூடையைக் காப்பாற்றப் போன கை முழங்கை வரை வெந்துபோயிற்று. நான் உள்ளே பெஞ்சில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கையில் தம்ளர்.

வீராயி ஸ்டேஷனுக்கு வந்து புகார் சொன்னாள். சப் இன்ஸ்பெக்டர் என்னிடம், "நீ அங்கேதானே இருந்தே? என்ன பார்த்தே?" என்றார். ஏட்டையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேனுங்க" என்றேன். புகார் அத்தோடு முடிந்தது. வீராயி திட்டியிருக்கலாம். திட்டவில்லை. வெளியே வந்ததும் கேட்டாள்: "என் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு இருந்தீக?"

வெள்ளரிப் பிஞ்சு

அவள் வீதியின் மறுகோடிக்குப் போய்விட்டாள். நானும் கிளப்பை விட்டு அந்தப் பக்கமே சுற்றினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. என்னைக் கண்டதும் அவள் அந்தப் புண்கையாலேயே நாலு பிஞ்சை இலையில் வைத்து நீட்டினாள். வேண்டாமென்று பின்வாங்கினேன். அவள் முகம் செத்துப்போயிற்று. போதவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு எடுத்து வைத்தாள். "கோவிச்சுக்கிடாதீக ஐயா, மொதல்லயே குடுத்திருக்கணும், எனக்குத்தான் வெவரம் பத்தல."

வாங்கினாயா என்று கேட்பீர்கள்: வாங்காவிட்டால் அவள் பயம் தீராது என்று வாங்கிக்கொண்டேன், காசை நீட்டினால் அவளும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.