நாலு பேருக்குக் கஞ்சி

பரந்தன் சந்தியில் இடியப்பக் கடை வைத்திருக்கும் நேசமலரிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. இடியப்பம் சின்னதாக இருக்கிறதே என்று குறைப்பட்டவரிடம், “பெரிசு வேணுமெண்டால் பாயைச் சுருட்டிச் சாப்பிடுங்கோ” என்று சொன்ன மனுசி அவர்.

யுத்தம் முடிந்த நாளான மே பதினெட்டாம் திகதி மட்டும் அவர் வேறு ஆள். அன்று வியாபாரமில்லை. காலையிலேயே கடைவாசலில் மூன்று கல் வைத்து, கிடாரம் ஏற்றி, அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சுவார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் சனத்தின் உயிரைப் பிடித்து வைத்திருந்த அதே கஞ்சி. கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டால் என்ன என்று போன வருடம் கேட்ட பக்கத்துக் கடைக்காரர் கிருபன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பஸ்களை மறித்துச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கும் வேண்டும் என்று யாராவது வாளியை நீட்டினால் நிரப்பிவிடுவார். எத்தனை பேர் என்று மட்டும் கேட்கமாட்டார். காய்ச்சுகிறாரே தவிர, அவர் அதில் ஒரு வாய் குடித்து யாரும் கண்டதில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

2009 பங்குனியில் அவர்கள் மாத்தளன் கடற்கரையில் தறப்பாள் கொட்டிலில் இருந்தார்கள். கணவர் யோகநாதன், மகள் அனோஜா, மகன் மதுசன், நேசமலர் என்று நாலு பேர். ஒருநாள் காலையில் செல் விழுந்து வெடித்ததில் யோகநாதன் போய்விட்டார். பதுங்கும் பங்கருக்குப் பக்கத்திலேயே கிடங்கு வெட்டித் தாட்டார்கள். பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தார்கள். அழக்கூட நேரமில்லாமல் நேசமலர் வாளியைத் தூக்கிக்கொண்டு கஞ்சிக் கொட்டிலுக்கு ஓடினார்.

அங்கே முழங்கை வரை கஞ்சி சுட்ட காயத்தோடு ஓர் இளந்தாரி அகப்பை பிடித்து நின்றான். “எத்தினை பேர்?” என்றான்.

“நாலு” என்றார் நேசமலர்.

வாய்ப்பழக்கத்தில் வந்ததா, வயிறு சொல்லித் தந்ததா, இன்றுவரை அவருக்கே தெரியாது. பின்னால் கைக்குழந்தையோடு நின்றவளின் முறை வந்தபோது கிடாரம் காலி. அவள் வெறும் வாளியோடு திரும்பிப் போனாள். அந்தப் பாவம் என் தலையில்தான் என்று நேசமலர் முடிவு கட்டிவிட்டார். ஊர் முழுக்க அதட்டத் தெரிந்த மனுசி இந்த ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருடம் மாங்குளத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒருவர் கோலூன்றி இறங்கினார். சிரட்டைக்காக நீட்டிய கையில் முழங்கை வரை பழைய தழும்பு.

“தம்பி, மாத்தளனில கஞ்சி ஊத்தினது நீங்கள்தானே?”

“ஓம் அக்கா. தயாபரன்.”

நேசமலர் அகப்பையோடு அவரருகே வந்தார். இன்று சொல்லாவிட்டால் இனி எப்போது?

“நான் பொய் சொல்லி வாங்கினனான் தம்பி. அவரைத் தாட்டுப்போட்டு வந்து, மூண்டு பேருக்கு நாலு எண்டு சொன்னனான். எனக்குப் பின்னால நிண்ட பிள்ளைக்காறிக்குக் கிடைக்கேல்லை.”

தயாபரன் கோலைக் கடைச் சுவரில் சாய்த்தார்.

“உங்களை எனக்கு ஞாபகமில்லை அக்கா. ஆனால் கையில ஈரமண்ணோட கனபேர் வந்தவை. செத்துப் போனவையையும் சேர்த்துத்தான் சொன்னவை. தெரிஞ்சுதான் ஊத்தினனான்.”

“அந்தப் பிள்ளைக்காறி?”

“என்ன ஆனாவோ தெரியாது. ஆனால் அரிசி வராமல்தான் கிடாரம் காலியானது அக்கா. உங்களால இல்லை.”

நேசமலருக்குக் கண் முட்டி வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். தயாபரன் பஸ்ஸைப் போகச்சொல்லிக் கைகாட்டிவிட்டு, அவரின் கையிலிருந்த அகப்பையை மெதுவாக வாங்கினார். கிடாரத்துக்குப் பக்கத்தில் கிடந்த வாளியைத் தன் பக்கம் இழுத்தார்.

“எத்தினை பேர் அக்கா?”

நேசமலர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நாலு” என்றார்.

தயாபரன் நாலு அகப்பை ஊற்றினார். நேசமலர் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, கடைவாசலில் குந்தியிருந்து குடிக்கத் தொடங்கினார்.