அப்படி ஒரு குரூப் இல்லை

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியதுமே, எனக்குப் பர்ஸ்ட் குரூப் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அப்பா கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். அவர் தினமும் ஏற்றி இறக்கும் இன்ஜினியர்கள் எல்லாரும் அதைத்தான் படித்தவர்களாம்.

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு அப்பாவும் நானும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியை என்னைப் பார்த்து, "உனக்கு எந்த குரூப்மா வேணும்?" என்று கேட்டார்.

"அப்பா இன்னா சொல்றாரோ அதான் டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. "அப்படி ஒரு குரூப் எங்க ஸ்கூல்ல இல்லையேம்மா. யோசிச்சிட்டு நாளைக்கு வா" என்றார்.

கோபத்தோடு வீட்டுக்குப் பஸ் ஏறிய அப்பா, செய்யூர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார். "நெஜமா சொல்லு. உனக்கு இன்னாதான் புடிக்கும்?"

நான் ஏதோ ஆசையை மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். மறைக்க என்னிடம் எதுவுமே இல்லை.

"தெரியலப்பா" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "நானும் கேட்டதே இல்ல" என்றார் மெதுவாக.

மறுநாள் பர்ஸ்ட் குரூப்பிலேயே சேர்ந்தேன். இப்போது பிளஸ் டூ. கணக்கு நன்றாகவே வருகிறது. எனக்கு என்ன பிடிக்கும் என்று அப்பா மறுபடி கேட்டுவிடுவாரோ என்றுதான் இன்னும் பயமாக இருக்கிறது.