மழைக்கு ஒரு டயர்

எங்கள் அடையாறு வீட்டுக்கு கேபிள் டிவி வந்த வருஷம், அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் சீரியல் புகுந்தது. எங்கள் வீட்டில் கார்ப் பந்தயம் புகுந்தது. என் கணவர் அதுவரை ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற சாதுவான பேங்க் உத்தியோகஸ்தர். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் எங்கேயோ சுற்றிச் சுற்றி ஓடுகிற கார்களோடு தன் கழுத்தையும் சேர்த்துச் சுற்ற ஆரம்பித்தார்.

பார்த்ததோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பார்த்ததை எல்லாம் எங்கள் பழைய ஸ்கூட்டரில் பரீட்சை பண்ணினார். பாலத்து இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிடுவார். பெட்ரோலின் ஒவ்வொரு சொட்டும் சக்கரத்துக்குத்தான் போக வேண்டுமாம், சூடாகவும் சத்தமாகவும் வீணாகக் கூடாதாம். வண்டியின் எடையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில் இருக்கிற என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

டயர்தான் உச்சம். இரண்டு டயரும் தேய்ந்து மொட்டையாகிவிட்டன, மாற்றுங்கள் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"மொட்டையா இருந்தாத்தான்டி ரோட்டை நன்னாப் பிடிச்சுக்கும். பந்தயக் காரெல்லாம் வழவழன்னுதான் டயர் போட்டுண்டு ஓடறது."

"மழை பேஞ்சா?"

"மழைக்குன்னு வரி போட்ட டயர் தனியா வெச்சிருப்பா. சடார்னு நிறுத்தி, மாத்திண்டு, போயிண்டே இருப்பா."

அன்றிலிருந்து ஸ்கூட்டரின் தேயாத ஸ்டெப்னி எங்கள் வீட்டு மழை டயர் ஆயிற்று. ஞாயிறுதோறும் அதற்குத் துடைப்பும் உபசாரமும் நடந்தது.

அந்த ஐப்பசியில் எனக்கு வானொலியில் குரல் தேர்வு. ஏற்கெனவே ஒரு தடவை பாடித் தோற்றிருந்தேன். இந்தத் தடவையும் போனால் பாட்டை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று எனக்குள் முடிவு பண்ணியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பட்டுப்புடவை, மடியில் சுருதிப் பெட்டி, தொண்டையில் மிளகு. "நான் கொண்டு விடறேன்" என்று அவர் கிளம்பியபோது ஆட்டோவில் போகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை எனக்கு.

பட்டினப்பாக்கம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அவர் வண்டியை ஓரம் கட்டினார். மழைக்கு ஒதுங்கத்தான் என்று நினைத்தேன்.

"இறங்கு. டயர் மாத்தணும்."

"ஏன்னா, பஞ்சரா?"

"மழைடி! பின் சக்கரத்துக்குத்தான் இன்ஜினோட இழுப்பு. அதை மட்டும் மாத்தினாப் போறும். ஒரு நிமிஷம்."

நான் விளையாட்டு என்று நினைத்து முடிப்பதற்குள் வண்டி ஒரு செங்கல்லின் மேல் சாய்ந்துகிடந்தது. சக்கரத்தைக் கழற்றிவிட்டார். மெச்சத்தான் வேண்டும், வேகமாகத்தான் கழற்றினார். நட்டுகளை ஒரு செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தார். அப்போது ஒரு பஸ் போயிற்று. பஸ் அடித்த தண்ணீரில் பாதி என் புடவைக்கு வந்தது, மீதி செய்தித்தாளை நட்டுகளோடு சாக்கடைக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

அவர் சாக்கடைக்குள் கையை விட்டுத் துழாவினார். ஆட்டோ ஒன்றுகூட நிற்கவில்லை. அழுதால் குரல் போய்விடும் என்று அழுகையை விழுங்கினேன்.

கடைசியில் நின்றது ஒரு மீன்பாடி வண்டி. முன்னால் மீன் கூடை வைக்கிற பலகை, பின்னால் யாரோ தலைமுழுகிய ஸ்கூட்டர் இன்ஜின், மூன்று சக்கரம்.

"இன்னா மாமி, நனைஞ்சிக்கினு நிக்கறே? நான் நொச்சிக்குப்பம் போறேன். எங்க போவணும்?"

சொன்னேன்.

"அட, பக்கத்துலதான் கீது. குந்து. பலகைய காலைலதான் கழுவுனேன்."

ஏறி உட்கார்ந்தேன். என் கணவர் சாக்கடையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பெண்டாட்டி மீன் வண்டியில் போகிறாளே என்று பதறவில்லை அந்த மனிதர். இன்ஜினைப் பார்த்தார்.

"இது என்னப்பா மைலேஜ் தரும்?"

"மைலேஜா? ஊத்துனா ஓடும் சார், ஊத்தலன்னா தள்ளிக்கினு போவேன்."

வண்டி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பலகையைப் பிடித்துக்கொண்டு, கடற்கரைச் சாலையில், வாழ்நாளில் தின்னாத வஞ்சிர மீனின் வாசனையோடு நான் போனேன். காத்திருந்த அறையில் என் இருபுறமும் இரண்டிரண்டு நாற்காலிகள் காலியாயின. போகட்டும். இதற்கு மேல் நாற என்ன இருக்கிறது என்ற நினைப்பில் பயமே போய்விட்டது. பைரவியை அன்றைக்குப் பாடியதுபோல் நான் அதற்கு முன் பாடியதில்லை.

வெளியே வரும்போது, அவரைக் கேட்க வேண்டியதை எல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தோளில் ஸ்டெப்னி.

"வண்டி?"

"அங்கேயே கெடக்கு. நடந்து வந்துட்டேன். பாடினியா?"

அந்த ஸ்கூட்டரை அவர் கடைத்தெருவில்கூடப் பூட்டாமல் விட்டதில்லை. "பாடினேன்" என்று மட்டும் சொன்னேன்.

தேறிவிட்டேன். "எல்லாம் சரியான நேரத்துல டயரை மாத்தப் போனதாலதான். இல்லேன்னா வழுக்கி விழுந்திருப்போம்" என்று கல்யாண வீடு, காது குத்து வீடு பாக்கியில்லாமல் சொல்லி முடித்தார்.

முதல் ஒலிப்பதிவு நாளில் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே நான் தெருவில் இறங்கி ஓர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தி ஏறிவிட்டேன்.

சாந்தோம் திருப்பத்தில் ஆட்டோவின் கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் இடைவெளி விட்டு, முந்தாமல், பின்னாலேயே வந்துகொண்டிருந்தது எங்கள் ஸ்கூட்டர். இரண்டு சக்கரத்திலும் புது டயர்.