நாங்கள் மெதுவாகக் கேட்ட பாட்டு

ராக் பாட்டைப் பொறுத்தவரை எனக்குப் பாட்டு மட்டும் போதாது, அதன் கதையும் வேண்டும். யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள், அன்றைக்கு அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்த ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் அப்படி ஒரு பத்தி வரும். மற்றவர்கள் பரீட்சைக்குக் குறிப்பெடுக்கும்போது நான் அதை வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். "இதுக்கு மார்க் போடுவாங்களாடி?" என்று கேட்ட தோழிகளை முறைப்பேன்.

கதையே இல்லாமல் என் கைக்கு வந்தது ஒரே ஒரு இசைத்தட்டுதான். எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய், மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளைக் கிளறியபோது கிடைத்தது. சின்னத் தட்டு. உறை இல்லை. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள், பாடியவர் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. கடைக்காரர், "எடுத்துகினு போம்மா, கேக்க ஆளில்லாம கீது" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

எங்கள் வீட்டு ரெக்கார்டு பிளேயர், தாய்நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் போதகர் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அப்பா பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்துபவர். வீட்டில் இருந்தவை எல்லாம் பெரிய தட்டுகள், எல்லாம் பக்திப் பாடல்கள். அதனால் வேகத்தை மாற்றும் குமிழ் உடைந்தபோது, பெரிய தட்டுக்கான வேகத்திலேயே அதை இறுக்கிவிட்டார். சின்னத் தட்டு அதைவிட வேகமாகச் சுற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நோட்டு நோட்டாக எழுதிக் கிழித்த எனக்கும்தான்.

ஊசியை வைத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கனத்த ஆண்குரல். கிடார் இழுத்து இழுத்து அழுதது. நடுநடுவே தொம், தொம் என்று எதுவோ விழும் சத்தம். ஒரு சொல்லும் பிடிபடவில்லை, ஆனால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மனிதத் தொண்டையால் இவ்வளவு துயரத்தைத் தாங்க முடியுமா என்று அப்படியே நின்றேன். பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா, "யாரும்மா அது, இப்படி அழுறான்?" என்றாள்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவளுக்கு அந்தப் பாட்டு வேண்டும். ராக் என்றாலே முகம் சுளிக்கும் அப்பாகூட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். பாட்டு முடிந்ததும் மூவரும் ஜெபம் பண்ணுவோம். எதைக் கேட்டு ஜெபித்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிடைக்கவில்லை. அம்மா போய்விட்டாள்.

வெளிநாட்டு மெட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் போட்டுப் பாடுவது எங்கள் சபைகளில் வழக்கம். அம்மாவின் நினைவுக் கூட்டத்துக்கு அப்பா அந்த மெட்டையே எடுத்துக்கொண்டார். "பொண்டாட்டியப் பறிகொடுத்தவன் பாட்டு இது. அந்தத் தொம்முங்கற சத்தம் என்ன தெரியுமா? சவப்பெட்டி மேல மண்ணு விழுறது" என்றார். எங்கோ கடல் தாண்டி ஒருவன் தன்னைப் போலவே அழுதிருக்கிறான் என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாட்களில் அவர் சோறு தின்றார், பள்ளிக்கூடம் போனார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

பாட்டு பரவிவிட்டது. பம்மலிலிருந்து வண்டலூர் வரை எந்த வீட்டில் துக்கம் என்றாலும் அதைப் பாடச் சொன்னார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் அடக்கத்தில் கூட்டமே அதைப் பாடி அழுததைப் பார்த்தேன். குப்பையில் கிடந்த ஒரு தட்டு என்னவெல்லாம் செய்கிறது!

இரண்டு வருடம் கழித்துச் சபையில் ஒரு பாட்டுப் புத்தகம் போட்டார்கள். ஒவ்வொரு பாட்டின் கீழும் அது பிறந்த கதை இரண்டு வரியில் இருக்க வேண்டும். அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீதான் எல்லாப் பாட்டுக்கும் கதை தேடுறவளாச்சே. அந்த மனுசன் யாரு, அவன் சம்சாரத்துக்கு என்ன ஆச்சுன்னு விசாரிச்சுச் சொல்லு."

அப்போது நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பக்கத்து நாற்காலியில் பல்லாவரத்து ஆங்கிலோ இந்திய அக்கா ஒருத்தி இருந்தாள்; அவள் வீட்டில் அலமாரி நிறைய ராக் தட்டுகள். ஒரு சனிக்கிழமை மதியம் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஊசியை வைத்தாள்.

குரல் இளைஞனுடையது. கிடார் துள்ளியது. தொம் தொம் என்றது இப்போது டக டக டகவென்று ஓடியது. நான் இரண்டு வருடமாக அழுத பாட்டுக்கு அந்த அக்கா இடுப்பை ஆட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "கமான் மேன், இது டான்ஸ் பாட்டு!"

கையை உதறிவிட்டு அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வேகத்தை எனக்கு விளக்கிவிட்டு, அலமாரியிலிருந்து அதே தட்டின் உறையை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினாள். கதை அதில் இருந்தது.

பாடியவனுக்கு ஒரு தங்கை. ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பிழைக்க மாட்டாள் என்று கைவிட்டுவிட்டார்கள். பிழைத்தாள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஷூவை மாட்டிக்கொண்டு மரத்தரையில் ஆடினாள். அவன் அங்கேயே உட்கார்ந்து பாட்டை எழுதினான். ஒலிப்பதிவின்போது அவளை மைக் முன்னால் நிற்க வைத்து ஆடச் சொன்னான். அந்தச் சத்தம் மண் விழும் சத்தம் அல்ல, அவள் கால்.

திரும்பத் திரும்பப் படித்தேன். அதே தட்டு, அதே கோடுகள். ஒரு வேகத்தில் ஊரையே அழவைத்தது, இன்னொரு வேகத்தில் ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். ஆனால் அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பை நானே வெட்டுவதா? மறைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். பொய்யை அச்சடித்துவிட்டு அம்மாவின் படத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. அக்காவின் கைப்பெட்டி பிளேயரை இரவல் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

அப்பாவை உட்காரச் சொல்லிச் சரியான வேகத்தில் போட்டேன். அவர் முகம் வெளுத்தது. நான் கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பாட்டு முடிந்து ஊசி கரகரத்தது.

"அந்தப் பொண்ணு பொழச்சிட்டாளா?" என்றார்.

"பொழச்சிட்டாப்பா."

எழுந்து ஊசியைத் தூக்கி வைத்தார். "நாம கேட்டது அவங்களுக்குக் கெடச்சிருக்கு" என்றார். "இன்னொரு தடவ போடும்மா. அவ ஆடுறதக் கேக்கணும்."

போட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

புத்தகத்தில் அந்தப் பாட்டின் கீழே அவர் எழுதிக் கொடுத்தது இன்னும் இருக்கிறது: "சாவிலிருந்து தப்பி வீடு வந்த தங்கைக்காக ஒரு அண்ணன் பாடியது. எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அதனால் மெதுவாகப் பாடுகிறோம்."