எண்ணெய்த் துணி

மழை தொடங்கிய பதினைந்து நாளில் சேவியர் அண்ணாச்சியின் பைக் மூன்றாவது முறையாக எங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தது. மூன்று ஜாப் கார்டிலும் என் கையெழுத்தில் ஒரே புகார்: "மழையில் முன்பக்க பிரேக் பிடிக்கவில்லை."

நான் அங்கே சர்வீஸ் அட்வைசர். புகாரைக் கேட்டு எழுதுவதும் வண்டியை ஒப்படைப்பதும் என் வேலை. கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதி வழியில் வீடு திரும்புகிற ஆள் நான். ஆனாலும் முதல் முறை, "நனைந்த பிரேக் டிஸ்க் அப்படித்தான், லேசாக ரெண்டு தடவை அமுக்கினால் தண்ணீர் போய்விடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டாவது முறை டிஸ்க்கைப் பிடிக்கிற பிரேக் பேடை மாற்றினோம்.

"தங்கச்சி, நேத்து பள்ளிக்கூட வாசல்ல பிரேக்க அமுக்குதேன், வண்டி அது பாட்டுக்குப் போவுது. பின்னால ரெண்டு பிள்ளையளும் இருக்கு. மதில்ல இடிச்சித்தான் நிப்பாட்டுனேன்" என்றார் அண்ணாச்சி.

எனக்கும் ஐந்து வயதில் மகன் இருக்கிறான். பேனா ஓடவில்லை.

மெக்கானிக் கணேசன் பேடைக் கழற்றினான். "அக்கா, இது தண்ணி இல்ல, எண்ணெய்." முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் ஆயில் சீல் கசிகிறதா என்று பார்த்தோம். இல்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன்.

"மூணாவது தடவையும் பாக்கவா, இல்ல சாப்பிடப் போவவா?" என்றான் கணேசன்.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "அண்ணாச்சி, நனைஞ்ச வண்டிய வீட்டுல என்ன செய்விய?"

"லாஞ்ச் படகுல இன்ஜின் பாக்குறவன்ட்ட கேக்கியளே! உப்புக்காத்துல இரும்பு தாங்குமா? ஆயில் துணிய வச்சி செயின், ஸ்டாண்டு, டிஸ்க்கு எல்லாத்தையும் மினுமினுன்னு தொடச்சிருவேன்."

"டிஸ்க்குல ஆயில் படவே கூடாது அண்ணாச்சி! யாரு சொன்னா?"

"நீங்கதான சொன்னிய."

கணேசன் கூரையைப் பார்த்தான்.

உண்மைதான். வண்டி எடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும், "கடற்கரை ஊர், நனைந்தால் இரும்பையெல்லாம் ஆயில் துணியால் துடையுங்கள்" என்று ஏழு மாதமாகக் கடமையாகச் சொல்லி வந்தேன். டிஸ்க்கும் இரும்புதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

டிஸ்க்கைக் கழுவிப் புதுப் பேட் போட்டுக் கொடுத்தோம். பிறகு டெலிவரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு மாலைவரை எல்லோருக்கும் போன் செய்தேன். பலர், "நாங்க வண்டியத் தொடைக்கவே மாட்டோம் மேடம்" என்றார்கள். சோம்பேறித்தனத்துக்கு அன்று போல நான் என்றும் நன்றி சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரின் பைக் டிஸ்க்கில் விரலை வைத்தேன். வழுக்கியது. மகன் தினமும் பள்ளிக்குப் போகிற வண்டி.

"ஏளா, என்ன முறைக்க? நீ சொன்னபடிதான தொடச்சிருக்கேன்."

மறுநாள் மகன் ஆட்டோவில் போனான். அந்த பைக்குக்கும் ஒரு ஜாப் கார்டு போட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வண்டி என்ன செய்கிறது என்று கேளுங்கள். நீங்கள் வண்டிக்கு என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டாம். அதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.